வாளி என்று எழுதிய வண்டி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்து இதை எழுதுகிறேன். படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா நலம். முழங்கால் வலிதான் வீட்டில் இன்னொரு ஆளாகவே ஆகிவிட்டது. காலையில் அதைக் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு ‘ம்’ என்பதற்கு மேல் வராது. போன வாரமும் ‘ஆபீஸ் எப்படிப் போகுது’ என்று கேட்டாய். ‘ம்’ என்றேன். அது பொய் இல்லை. ஆபீஸ் அதன் பாட்டுக்குப் போகிறது. நான்தான் போவதில்லை.

வேலையை விட்டுவிட்டேன், அண்ணா.

உன் நண்பர் மேல் குறை இல்லை. அவர் பிடித்துக் கொடுத்தது நல்ல நாற்காலிதான். நடந்தது இதுதான். ஆபீஸைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஆட்கள் நின்றுவிட்டார்கள். புது ஆட்களை வைக்க மூன்று கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பேசுவதைக் குறித்துக்கொள்ள மேனேஜர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். மூன்று பேரும் டை கட்டியிருந்தார்கள். மூன்று பேரும் கூரையைப் பார்த்துப் பேசினார்கள். ஒருவர்கூடத் தரையைப் பார்க்கவில்லை, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. ‘நம்ம ஆளுங்க தூள் கிளப்பிடுவாங்க சார்’ என்றார் ஒருவர். தூளைக் கிளப்பவா கூப்பிட்டோம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கே வேலை கிடைத்தது.

அவருடைய ஆட்கள் மேஜை துடைத்த துணியாலேயே கழிவறைக் குழாயையும் துடைத்தார்கள். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று அம்மா கழிவறைத் துணியில் ஒரு மூலையைக் கிழித்து வைப்பாளே, நினைவிருக்கிறதா? மனதுக்குள் பல நாள் ஒத்திகை பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னேன். ‘உனக்கு எதுக்கும்மா இந்த ஆராய்ச்சி? நீ படிச்ச பொண்ணு’ என்றார்.

படித்தவள் என்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. மறுநாள் ராஜினாமாவைக் கொடுத்தேன். அதற்குப் பேச வேண்டியதில்லை.

எதிர்வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து சுத்தம் செய்யும் தொழில் தொடங்குகிறோம். அவளை உனக்குத் தெரியும், நம் சத்தக்கா. அவள் ரகசியம் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும். பேச அவள், பார்க்க நான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ‘நான் தொடச்சது பத்தாதா?’ என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டுவதென்றால் எனக்கு எழுது. அவளுக்குப் போன் செய்யாதே.

உன்
பூனை


ஜனவரி 27

அன்புள்ள பூனைக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். எப்படிப் படித்தாலும் அதேதான் எழுதியிருக்கிறது.

நம் குடும்பத்தில் முதல் பட்டம் உன்னுடையது. எனக்குப் படிப்பு பாதியில் நின்றது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் இங்கே குடோனில் சரக்கு எண்ணிக்கொண்டு இருந்துவிடுவேன். நீ கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தை என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அறையில் இருப்பவர்கள் கேட்டால், ‘தங்கச்சி, ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறா’ என்பேன். அதைச் சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் உயரும். இனி என்ன சொல்ல?

அம்மா கையிலிருந்து அந்தச் சாமானைப் பிடுங்கி வைக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். நான் பிடுங்கி வைத்ததை நீ போய் எடுத்துக்கொள்கிறாய்.

அதுவும் நீ. கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே திரும்பி வருகிறவள். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி வேலை கேட்பாயா? உன்னைக் கேலி செய்யவில்லை, பயப்படுகிறேன்.

ஒரு மாதம் ஆசை தீர விளையாடிப் பார். பிறகு நண்பரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அம்மாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்த்துவிடு.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நீ சொன்ன மாதம் முடிந்துவிட்டது. விளையாட்டு முடியவில்லை.

முதல் வேலை எப்படி வந்தது என்று சொல்கிறேன், சிரிக்காதே. ஒரு வீட்டுக்காரர், குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டைக் கழுவித் தரச் சொன்னார். ‘ரெண்டாவது மாடி’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். கீழ்த்தளத்தையும் ஒரு மாடியாக எண்ணுகிறவரா, எண்ணாதவரா? திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சத்தக்கா அப்போது பக்கத்தில் இல்லை. எனக்குக் கூச்சம். நானே ஒரு மாடியை முடிவு செய்துகொண்டேன்.

வாசலில் இருந்த காவலாளி என் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாடியைச் சொன்னதும் சாவியை எடுத்து நீட்டிவிட்டார்.

உள்ளே போனால் தரையெல்லாம் பெயின்ட் சொட்டு, மரத்தூள். நடுவில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி, மேலே வட்ட விளக்கு.

‘காலி பண்ண வீட்ல எதுக்குடி பல் புடுங்குற நாற்காலி?’ என்றாள் சத்தக்கா.

‘குடியிருந்தவர் பல் டாக்டரா இருந்திருப்பார்’ என்றேன். சொன்னதை நானே நம்பியும்விட்டேன். பெயின்ட் சொட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி, நாற்காலியின் அடிப்பக்கம் வரைக்கும் துடைத்து முடிக்கும்போது ஒரு அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

‘யாரு நீங்க?’

‘சுத்தம் பண்ண வந்திருக்கோம்’ என்றாள் சத்தக்கா.

‘நான் யாரையும் கூப்பிடலையே. அடுத்த வாரம்தான் கிளினிக்கே திறக்கப் போறேன்.’

அண்ணா, பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சத்தக்காவுக்குச் சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். வேறு வழி இல்லாமல் நான் பேசினேன். ‘மாடி மாறி வந்துட்டோம் டாக்டர். நீங்க ஒண்ணும் தர வேண்டாம். தரை இன்னும் காயல, ஓரமா மட்டும் நடங்க.’

அவர் ஓரமாகவே நடந்துபோய் நாற்காலியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘சரி, வந்தது வந்துட்டீங்க. ஜன்னலையும் தொடச்சிட்டுப் போங்க. திறந்த பிறகு தினமும் வாங்க. கம்பெனிக்குப் பேரு என்ன?’

நாங்கள் பெயரே வைத்திருக்கவில்லை. சத்தக்கா வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். ‘வாளி.’

கோபப்படு. ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

அம்மா பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்த காலத்தில், குழாயடியிலிருந்து அவளுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தது நீ. அதற்காகப் பையன்கள் உனக்கு வைத்த பெயர் அது. ‘டேய் வாளி’, ‘வாளி வந்துட்டான்’. உன் சொந்தப் பெயரை வாத்தியாரே மறந்துபோனார். அந்தப் பெயர் என் மேலும் ஒட்டிவிடக் கூடாது என்று என்னிடம் சொன்னாய்: ‘நீ எனக்குப் பின்னாடி தள்ளி வா. யாராவது கேட்டா எங்களத் தெரியாதுன்னு சொல்லிடு.’ என் நல்லதுக்குத்தான் சொன்னாய். நானும் பள்ளிக்கூடம் முடியும்வரை தள்ளியே நடந்தேன். என் கூச்சம் கூடவே பிறந்தது என்று நினைக்கிறாய். இல்லை. அந்தத் தெருவில் உன் முதுகைப் பார்த்து நடந்து நடந்து பழகியது.

வாளி பிடித்தவளுக்கு முகம் இல்லை என்று அந்தக் காவலாளி நினைக்கிறார். போகட்டும். பெயராவது இருக்கட்டும், பெரிய எழுத்தில்.

முதலில் கூப்பிட்ட வீட்டுக்காரரின் வீடு ஒரு மாடி கீழே இருந்தது. மறுநாள் போய் அதையும் முடித்துக் கொடுத்துவிட்டோம். திட்டு உண்டு. சத்தக்கா வாங்கிக்கொண்டாள்.

பூனை


மார்ச் 19

பூனைக்கு,

அந்தப் பெயரை எடு.

கம்பெனிக்கு வைக்க உலகத்தில் பூவே இல்லையா, நட்சத்திரம் இல்லையா? பளிச்சென்று ஏதாவது ஒன்றை வை. தொழிலைச் செய்துகொள், நான் குறுக்கே நிற்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது. ஆனால் பெயரை எடு.

இங்கே வந்து இத்தனை வருஷத்தில் ஒருத்தனுக்கும் அது தெரியாது. புதைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நீ அதைத் தோண்டி எடுத்து நோட்டீஸ் அடிக்கிறாய். அவர்கள் கூப்பிட்டபோது நின்று திரும்பிப் பார்த்தது நான்தான், நீ இல்லை.

இன்னொன்று. எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது. இப்போது அவளுக்கும் தெரிய வரும். அதை யோசித்தாயா?

எடுத்த பிறகு எழுது.

அண்ணன்


ஜூன் 8

அன்புள்ள அண்ணா,

பெயரை எடுக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

டாக்டரின் கட்டடம் முழுக்க இப்போது நாங்கள்தான். அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடத்தில் கூப்பிட்டார்கள். சத்தக்காவையும் என்னையும் சேர்த்து ஆறு பேர் ஆகிவிட்டோம். பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு வரிசை உட்காரலாம், பின்னால் சாமான். ஓட்டவும் கற்றுக்கொண்டேன். என் ஓட்டுதலைப் பார்த்து மற்ற வண்டிகள் தாமாகவே ஒதுங்கிப் போகின்றன, எனக்கு அது வசதி. பெயர் எழுத வந்தவர், ‘ளி’யின் வளைவிலிருந்து தண்ணி சொட்டுற மாதிரிப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். ‘வேண்டாம், எங்க வாளி ஒழுகாது’ என்றேன். ஆமாம், நான்தான். வாயைத் திறந்து. சத்தக்கா கையைத் தட்டினாள்.

பழைய ஆபீஸிலிருந்தும் கூப்பிட்டார்கள். தூள் கிளப்பியவரை அனுப்பிவிட்டார்களாம். மேனேஜர் எதிரில், முன்பு மூன்று டைக்காரர்கள் உட்கார்ந்த நாற்காலியில் நான். முதலில் எழுந்துபோய்க் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

‘நம்ம பொண்ணு, விலையைப் பாத்துப் போடு’ என்றார்.

‘பாத்துட்டுத்தான் சார் போட்டிருக்கேன். அப்புறம், எங்க ஆளுங்க, எல்லாரும் போற லிஃப்ட்லதான் வருவாங்க, சாமான் லிஃப்ட்ல வர மாட்டாங்க. உக்காந்து சாப்பிட ஒரு இடம் வேணும். ஏய்னு கூப்பிடக் கூடாது, பேர் இருக்கு.’

‘அதெல்லாம் இங்க வழக்கமில்லையேம்மா.’

‘அப்போ எங்க வழக்கத்துக்கு ஒத்து வர்றவங்களப் பாத்துக்குறோம் சார்.’

எழுந்து வந்துவிட்டேன். அவர் இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

அம்மாவுக்குத் தெரிய வந்தால் என்ன ஆவாள் என்று கேட்டாய். வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று நானே சொன்னேன். ‘அவன் ஏன்டி எங்கிட்ட சொல்லல?’ என்றாள். ராத்திரி விளக்கை அணைக்கப் போனபோது, ‘நான்தான் அவனை ரெண்டு கையிலயும் தூக்கச் சொன்னேன். ஒண்ணு மட்டும் தூக்கியிருந்தா பேர் வந்திருக்காதோ என்னவோ’ என்றாள். மறுநாள் கைப்பிடியைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ‘எழுத்து சின்னதா இருக்கு’ என்றாள்.

இன்னும் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களையும் திரும்பப் படித்தேன். ‘அந்தச் சாமான்’ என்கிறாய், ‘அந்தப் பெயர்’ என்கிறாய். ஒரு இடத்தில்கூட அந்தச் சொல்லை எழுதவில்லை. இரண்டே எழுத்து, அண்ணா.

பூனை


செப்டம்பர் 2

அன்புள்ள பூனைக்கு,

நான் பதில் எழுதாததை மனதில் வைத்துக்கொள்ளாதே. நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இருந்தேன்.

எனக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பெண் இங்கே மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். உன்னைப் போலப் பேச்சு குறைவு. அவள் அப்பா அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் குடும்பம், கௌரவம் என்று கொஞ்சம் பார்ப்பவர்கள். அக்டோபர் 14 அன்று அவர்களை அழைத்துக்கொண்டு வருகிறேன். நம் வீட்டையும் அம்மாவையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு நாள் தங்குவார்கள்.

அம்மா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டபோது, ‘பள்ளிக்கூடத்தில் இருந்தார்’ என்றேன். அது பொய் இல்லை. அவர்கள் டீச்சர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

உன்னிடம் கேட்பது இதுதான். அந்த இரண்டு நாள் மட்டும் வண்டியை வேறு தெருவில் விட்டுவிடு. வீட்டு வாசலில் பலகை ஏதாவது வைத்திருந்தால் எடுத்து உள்ளே வை. நீ ஆபீஸில் இருப்பதாகவே இருக்கட்டும். அம்மாவை அதிகம் பேசவிடாதே. கல்யாணம் முடிந்த பிறகு மெதுவாக நானே எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறேன். நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இது என் வாழ்க்கை, பூனை.

அண்ணன்


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணா,

கல்யாணச் செய்தி கேட்டு அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சந்தோஷம். அண்ணியிடம் சொல், பேச்சுக் குறைந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் அப்பா நம் அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

‘வணக்கம் டீச்சரம்மா’ என்றார். அம்மா அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. ‘வணக்கமுங்க’ என்றாள்.

‘ஸ்கூல்ல எந்த வகுப்பு உங்களுக்கு?’

‘எல்லா வகுப்பும் நான்தாங்க. ஆறாவதுலேர்ந்து பன்னண்டாவது வரைக்கும்.’

‘அடேயப்பா. தனியாவா?’

‘தனியாத்தான். மேல் மாடிதான் ரொம்பக் கஷ்டம். பசங்க ஒரே அழிச்சாட்டியம்.’

‘பசங்கன்னா அப்படித்தான். ரிசல்ட் எல்லாம் எப்படி இருக்கும்?’

‘பளபளன்னு இருக்குமுங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களே சொல்லிட்டுப் போவாங்க.’

அவர் மனம் நிறைந்துபோய் வைத்துவிட்டார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்தால், அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ‘நல்ல மனுஷன்டி. என் வேலையைப் பத்தி இவ்வளவு அக்கறையா ஒருத்தரும் கேட்டதில்ல’ என்றாள்.

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவளிடம் போய், ‘அம்மா, அவர்கள் வந்தால் வாயைத் திறக்காதே’ என்று சொல்ல வேண்டும் என்கிறாய். நீயே வந்து சொல். என்னால் முடியாது. அவள் மறைக்க வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் அவருக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எல்லா வகுப்பும் அவள்தான்.

நானும் தள்ளி நடக்க மாட்டேன். ஒரு பள்ளிக்கூடக் காலம் முழுக்க நடந்தாயிற்று. இரண்டு நாள்தானே என்கிறாய். அப்போதும் நீ ‘இந்தத் தெரு முடியுற வரைக்கும்தானே’ என்றுதான் சொன்னாய்.

அதனால் இப்படிச் செய்கிறேன். 14ஆம் தேதி விமான நிலையத்துக்கு வாளி வரும். நான் ஓட்டி வருவேன். முன்சீட்டில் அம்மா. வாசலுக்கு நேராக, பெயர் தெரியும்படி நிறுத்துவேன். இப்போது எழுத்து பெரிது, உள்ளேயிருந்தே தெரியும். டாக்சி நிற்கும் இடம் இடது பக்கம். நீ அவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதென்றால் போ. பின்னால் ஓடி வரமாட்டேன், சண்டை போடமாட்டேன். ஆனால் உன்னைத் தெரியாதவள்போல நிற்கவும் மாட்டேன். கையை ஆட்டுவேன். சத்தக்காவும் வருகிறாள். அவள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் விமானமே திரும்பிப் பார்க்கும்.

உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அடித்துத் திருத்தவில்லை, பார்த்துக்கொள்.

பூனை


அக்டோபர் 4

அண்ணா,

பதில் இல்லை. வண்டியைக் கழுவி வைத்துவிட்டோம்.

பூனை


அக்டோபர் 9

பூனைக்கு,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அதனால்தான் தாமதம்.

அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா டீச்சர் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம் என்று ஆரம்பித்து, தண்ணீர் தூக்கியது வரைக்கும் போய்விட்டது. அவர் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். சில நாள் யாரும் கூப்பிடவில்லை. அவள் மட்டும் ‘பொறுங்க’ என்று ஒரு வார்த்தை அனுப்பினாள். சரி, முடிந்தது என்று நினைத்து உன் மேல் எவ்வளவு கோபப்படலாம் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவரே என் அறைக்கு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உன் படத்தைப் பார்த்தார். ‘அப்போ, எல்லா வகுப்பும்னு உங்க அம்மா சொன்னாங்களே…’ என்று இழுத்தார்.

‘நிஜம்தான்’ என்றேன்.

‘மேல் மாடி கஷ்டம்னாங்க.’

‘ஆமா. குழாய் கீழதான் இருந்துச்சு.’

எழுந்து, விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போனார். அவள் அம்மாவுக்கு இன்னும் முகம் தெளியவில்லை. வரும்போது நீயே பார்ப்பாய். உன் பக்கம்தான் சரி என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் நினைவில் வை.

நாங்கள் நான்கு பேர், பெட்டிகள் வேறு. முன்சீட் அம்மாவுக்கே இருக்கட்டும், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். சத்தக்கா வேறு வருகிறாள் என்கிறாய்.

வாளியில் இடம் இருக்குமா?

அண்ணன்